பஸ் ஸ்டாண்டுக்கு 'ஏஐ கேமரா' கேட்கிறார்கள்: எதைச் செய்யச் சொல்லலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம்?

நொய்யல்_கரை (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், காலை 9:40

வணக்கம். சிசிடிவி பொருத்தும் சின்ன நிறுவனம் ஒன்றில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். பக்கத்து நகராட்சியில் பஸ் ஸ்டாண்டைப் புதுப்பிக்கிறார்கள். மொத்தம் 48 கேமரா. இதுவரை நாங்கள் மாட்டியதெல்லாம் பதிவு செய்யும் கேமராதான். ஏதாவது நடந்தால் போலீஸ் வந்து ஃபுட்டேஜ் வாங்கிப் போவார்கள், 30 நாள் கழித்துப் பழையது அழிந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

இந்த முறை டெண்டர் வரைவில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. முக அடையாளம், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள், சந்தேகப்படும்படி சுற்றித் திரிவது, சண்டை, நெரிசல், கீழே விழுந்தவர், புகை உள்பட 9 வகை எச்சரிக்கைகளைக் கேமராவே கண்டுபிடித்துத் தர வேண்டுமாம். விற்க வந்தவர்கள் போட்டுக் காட்டிய வீடியோவில் எல்லாம் பளிச்சென்று வேலை செய்கிறது. பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம், பெயர், வயது எல்லாம் வருகிறது.

வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி நகராட்சிப் பொறியாளர் கேட்டிருக்கிறார். நான் தலையாட்டினால் எங்களுக்குத்தான் லாபம். ஆனால் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் என் மகள் தினமும் காலேஜ் பஸ் ஏறுகிறாள். உண்மையில் எது ஓடும், எது ஓடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிக்சல்_பாண்டி | திங்கள், காலை 11:05

நல்ல கேள்வி அண்ணா. வீடியோ அனலிட்டிக்ஸ் மாடல், அதாவது காட்சியில் என்ன நடக்கிறது என்று தானே கண்டுபிடிக்கும் ஏஐ, பழக்குவதுதான் என் பிழைப்பு. முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கேமராவுக்கு என்ன தெரியும் என்பது ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பில் இதற்கு அளவு இருக்கிறது. அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று மட்டும் தெரிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும். ஏற்கெனவே தெரிந்தவரை 'இவர்தான்' என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாதவரைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும். வழக்கமான 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 77 மீட்டர், 250-ஆல் வகுத்தால் எட்டு மீட்டர்கூட இல்லை. ஒரே கேமரா 77 மீட்டர் பிளாட்பாரத்தில் ஆட்களை எண்ணிவிடும், ஆனால் முகம் வேண்டும் என்றால் ஒரு கடை வாசல் அகலத்துக்குத்தான் ஆகும். அதுவும் முகம் நேராகத் தெரிந்தால். பதினைந்து அடி உயரத்தில் மாட்டிய கேமராவுக்குத் தெரிவது தலைமுடியும் துண்டும் முக்காடும்தான்.

அடுத்தது, அந்த 9 வகையும் ஒரே தரத்தில் இருப்பவை அல்ல. ஆளை, வண்டியை, பையைக் கண்டுபிடித்துக் கட்டம் போடுவது இன்று நன்றாகவே நடக்கிறது. 2015-16இல் யோலோ என்ற, படத்தில் உள்ள பொருட்களைக் கண்டுபிடிக்கும் மாடல் வந்த பிறகு சாதாரண ஜிபியு கார்டிலேயே ஓடுகிறது. ஆனால் 'சந்தேகப்படும்படி சுற்றித் திரிவது' என்று தனியாக ஒரு அறிவும் மாடலுக்குள் கிடையாது. படத்தில் ஒரு கோடு வரைந்து இடத்தை மறித்து, அந்த இடத்துக்குள் ஒரே கட்டம் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் மணி அடி என்று எழுதி வைப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் மூன்று நிமிடம் நிற்காதவர் யார்? கேட்பாரற்ற பொருளும் இதே கதைதான். அசையாத பொருள், பக்கத்தில் ஆள் இல்லை, மணி அடி. மூட்டையைத் தூண் ஓரம் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதுதான் நம் ஊர் வழக்கம்.

யோலோவை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜோசப் ரெட்மன், இது ராணுவத்துக்கும் கண்காணிப்புக்கும் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 2020இல் இந்தத் துறை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். நான் விடவில்லை. ஆனால் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்காமல் எந்த வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை.

இரவுப்பணி | திங்கள், மதியம் 1:30

நான் ஐந்து வருடம் ஒரு கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். 64 கேமரா, நான்கு பெரிய திரை, ஷிஃப்டுக்கு இரண்டு பேர். ஒருவர் சாப்பிடப் போனால் ஒருவர்.

ஆட்டோமேட்டிக் அலர்ட் வந்தால் எங்களுக்கு வேலை குறையும் என்றார்கள். முதல் வாரம் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து பார்த்தோம். ராத்திரியில் மட்டும் 17ஆம் நம்பர் கேமரா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'ஊடுருவல்' என்றது. ஆளை அனுப்பினால் யாரும் இல்லை. மூன்று நாள் கழித்து நானே ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை. இருட்டில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். அந்த ஒற்றை நூல் காற்றில் ஆடும்போது ஐஆர் வெளிச்சம் பட்டுத் திரையில் வெள்ளையாக, ஓர் ஆள் கையை வீசுவது போலத் தெரிகிறது. துடைத்துவிட்டு வந்தேன். நான்கு நாளில் திரும்பக் கட்டிவிட்டது.

இரண்டாம் மாதம் என்ன ஆயிற்று தெரியுமா? அலர்ட் சத்தத்தை மியூட்டில் போட்டுவிட்டோம். எங்கள் மேல்தான் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பொய் மணி அடித்தால் எந்த மனுஷனும் அதைத்தான் செய்வான். அந்தக் காலத்தில் ஒரு நாள் உண்மையாகவே ஒரு பெரியவர் படியில் மயங்கி விழுந்தார். அலர்ட் சரியாக வந்திருக்கிறது, பதிவில் இருக்கிறது. நாங்கள் பார்த்தது இருபது நிமிடம் கழித்து. பிழைத்துக்கொண்டார். அந்த இருபது நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நொய்யல் சார், டெண்டரில் ஒன்றே ஒன்று பாருங்கள். மணி அடித்தால் எழுந்து போக ஆள் போட்டிருக்கிறார்களா?

மலர்_ஆர் | திங்கள், மாலை 6:50

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. தினமும் காலை 5:40 பஸ்ஸுக்குப் போகிறவள் என்பதால் எழுதுகிறேன்.

2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், பயணிகள் நிற்கும்போதே ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அந்த ஸ்டேஷனில் அப்போது ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் கிடைத்த பதிவை வைத்துத்தான் தேடினார்கள். அதன் பிறகு கேமரா வேண்டாம் என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடிவதில்லை. கேமரா வேண்டும்.

ஆனால் இங்கே எழுதியிருப்பதைப் படித்த பிறகு இன்னொன்று தோன்றுகிறது. கேமரா இருந்திருந்தால் செய்தவனைச் சீக்கிரம் பிடித்திருப்பார்கள். அந்தப் பெண் பிழைத்திருப்பாரா? பிளாட்பாரத்தில் ஒரு காவலர் நின்றிருந்தால் ஒருவேளை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மேற்குப் பக்கக் கழிப்பறைக்குப் போகும் வழியில் இரண்டு ட்யூப்லைட் எட்டு மாதமாக எரியவில்லை. 'சந்தேக நடமாட்டம்' கண்டுபிடிக்கும் கேமராவுக்குப் பணம் இருக்கிறது, ட்யூப்லைட்டுக்கு இல்லை. அண்ணா, உங்கள் மகளும் அந்த வழியாகத்தானே போவாள்?

நொய்யல்_கரை | திங்கள், இரவு 8:15

ஆமாம்மா. நாளைக்கே போய்ப் பார்க்கிறேன். இருட்டில் கேமராவுக்கும் சரியாகக் கண் தெரியாது என்பது வேறு விஷயம். அந்த வழியில் வெளிச்சம் முதலில் வேண்டும்.

ஜூபிலி_லைன் | திங்கள், இரவு 11:20

லண்டனிலிருந்து. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் வில்ஸ்டன் கிரீன். நீங்கள் கேட்கும் அதே சோதனையை இங்கே ஒரு வருடம் நடத்திப் பார்த்தார்கள். நான் தினமும் அந்த கேட்டைத் தாண்டிப் போனவன், எனக்கே அப்போது தெரியாது. பிறகு தகவல் பெறும் சட்டத்தின் வழியே ஆவணங்கள் வெளியே வந்தன.

2022 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் வரை. ஏற்கெனவே இருந்த சிசிடிவியோடு 11 அல்காரிதம்களை இணைத்தார்கள். மொத்தம் 44,000 எச்சரிக்கைகளுக்கு மேல் வந்தன, அவற்றில் 19,000 உடனுக்குடன் ஊழியர்கள் கைக்குப் போயின. சக்கர நாற்காலியில் வருபவர், தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பவர் போன்றவற்றுக்கு உடனே ஊழியர் போய் உதவலாம் என்பது நல்ல எண்ணம். ஆனால் டிக்கெட் இல்லாமல் நுழைவோரைப் பிடிக்கும் பகுதியில், அப்பா அம்மாவை ஒட்டியபடி கேட்டுக்குள் போன குழந்தைகளையும் திருட்டுப் பயணிகள் என்றது. மடக்கும் சைக்கிளுக்கும் மடக்காத சைக்கிளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சண்டையைக் கண்டுபிடிக்கும் பகுதிதான் என்னை யோசிக்க வைத்தது. பழக்குவதற்குப் போதுமான சண்டைக் காட்சிகள் இல்லை. அதனால் இரண்டு கையையும் உயர்த்துவதை ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். ஆயுதத்தைக் கண்டுபிடிக்கப் பழக்குவதற்காக, ஸ்டேஷன் மூடியிருந்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர் கத்தியும் துப்பாக்கியும் ஏந்திக் கேமராவுக்கு முன்னால் நடந்து காட்டினார். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரும் டிரைவரும் கையை உயர்த்தாமல் ஒரு பஸ்ஸையாவது ரிவர்ஸ் எடுக்க முடியுமா?

இன்னொன்றை நன்றாகக் கவனியுங்கள். ஆரம்பத்தில் முகங்களை மங்கலாக்கித்தான் வைத்திருந்தார்கள். பாதி வழியில், டிக்கெட் எடுக்காதவர்களின் படங்களை மட்டும் மங்கலாக்காமல் வைத்துக்கொள்ள முடிவெடுத்தார்கள். மாட்டும்போது சொன்ன காரணம் ஒன்று, மாட்டிய பிறகு வந்த தேவை வேறொன்று.

ஓய்வுபெற்ற_எஸ்ஐ | செவ்வாய், காலை 7:10

தம்பிகளா, எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். 31 வருடம் சர்வீஸ் பார்த்தவன் சொல்கிறேன். காணாமல் போன குழந்தையைத் தேடி ராத்திரி முழுக்க ஃபுட்டேஜ் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கண் எரியும். 16 கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 96 மணி நேரக் காட்சி. அதை மெஷின் பத்து நிமிடத்தில் 'சிவப்புச் சட்டை, சின்னப் பையன்' என்று வடிகட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்பீர்களா? முகத்தையும் சேர்த்தால் பழைய குற்றவாளி பஸ்ஸில் இறங்கும்போதே பிடித்துவிடலாம். தப்பு செய்யாதவனுக்கு இதில் என்ன பயம்?

பிக்சல்_பாண்டி | செவ்வாய், காலை 10:30

ஐயா, முதல் பாதியை நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன். புகார் வந்த பிறகு, குறிப்பிட்ட நேரத்தின் காட்சியில் சட்டை நிறத்தை வைத்துத் தேடுவது மிகவும் பயனுள்ள வேலை. கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அதை வரைவில் கட்டாயம் சேர்க்கலாம்.

இரண்டாம் பாதிக்கு ஒரு கணக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நாளில் 40,000 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். தேடப்படுபவர்களில் இரண்டு பேர் அன்று வருகிறார்கள். மெஷின் ஆயிரம் பேரில் ஒருவரை மட்டும்தான் தவறாகக் காட்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கேட்க அருமையாக இருக்கும். அப்படியும் 40 அப்பாவிகள் மாட்டுவார்கள். 42 மணியில் 40 பொய். ஒவ்வொரு நாளும்.

இது கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2017 ஜூனில் கார்டிஃபில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிக்கு வந்த கூட்டத்தின் மேல் சவுத் வேல்ஸ் போலீஸ் இதை ஓட்டியது. 2,470 எச்சரிக்கைகள், அவற்றில் 2,297 தவறானவை. அதன் பிறகு மாடல்கள் நிறையத் தேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் பெரிதாகவும் தேடுபவர் சிலராகவும் இருக்கும்வரை இந்தக் கணக்கின் வடிவம் மாறாது. அந்த 40 பேரில் ஒருவர் காலேஜ் பஸ்ஸுக்காக நிற்கும் பையனாக இருந்தால், எல்லோர் முன்னாலும் அவனைத் தனியே கூப்பிட்டுப் போவார்களே, அது அவனுக்குப் பயம்தானே ஐயா?

வழக்குரை | செவ்வாய், மதியம் 12:45

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அரசு அதில் தலையிட வேண்டும் என்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிய அளவில் இருக்கக் கூடாது. முக அடையாளத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.

எஸ்ஐ ஐயா காணாமல் போன குழந்தைகளைச் சொன்னார். டெல்லி போலீஸ் முக அடையாள மென்பொருளை வாங்கியதே அந்தக் காரணத்துக்காகத்தான். 2018இல் அதன் துல்லியம் 2 சதவீதம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மறுவருடம் 1 சதவீதம்கூட இல்லை என்றும், ஆண் குழந்தை பெண் குழந்தை வித்தியாசமே தெரியவில்லை என்றும் வந்தது. குழந்தைகளுக்கு என்று வாங்கியது பிறகு போராட்டங்களிலும் கலவர வழக்குகளிலும் பயன்பட்டது. 80 சதவீதம் ஒத்துப்போனால் சரியான பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கிடைத்தது. ஜூபிலி லைன் சொன்ன 'வேறு தேவை' இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது இடத்தில் காவல்துறை நேரலையில் முகம் தேடுவது, சில கடுமையான விதிவிலக்குகள் தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை. பாரிஸ் ஒலிம்பிக்குக்காக பிரான்ஸ் இயற்றிய சட்டம் கேமரா அனலிட்டிக்ஸை அனுமதித்தது, ஆனால் முக அடையாளம் கூடாது என்று அதிலேயே எழுதிவிட்டது. நகராட்சி தன் டெண்டரில் அந்த ஒரு வரியை எழுத எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

ஆனைமலை_அடிவாரம் | செவ்வாய், மாலை 5:20

கோவை பக்கத்து மதுக்கரையை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. அதன் பிறகு வனத்துறை 12 கோபுரம் கட்டி, சாதாரணக் கேமராவும் வெப்பக் கேமராவும் வைத்து, 2024 பிப்ரவரியில் ஏஐ கண்காணிப்பைத் தொடங்கியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி, அங்கிருந்து ரயில்வேக்கு, லோகோ பைலட் வேகத்தைக் குறைக்கிறார். வனத்துறை ஆட்கள் போய் யானையைத் திருப்பி விடுகிறார்கள்.

அங்கே ஏன் பயன்படுகிறது என்று யோசித்தேன். கேட்பது ஒரே கேள்வி: யானை இருக்கிறதா? எந்த யானை என்று கேட்கவில்லை. பதில் ஆம் என்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்பே தெரியும். தவறாக மணி அடித்தால் ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், யாருக்கும் அவமானம் இல்லை.

இரவுப்பணி | செவ்வாய், இரவு 9:00

ஆனைமலை சொன்னதை நகராட்சிச் சுவரில் எழுதி வைக்கலாம். அதே மாதிரி பஸ் ஸ்டாண்டில் கேட்கக் கூடிய கேள்வி எது? என் அனுபவத்தில், பிளாட்பாரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஒரு பஸ் உள்ளே நுழையும்போது ஐநூறு பேர் கதவை நோக்கி ஓடுவார்கள். அப்போது கீழே விழுந்தால் அவ்வளவுதான்.

பிக்சல்_பாண்டி | செவ்வாய், இரவு 10:40

சரியாகச் சொன்னீர்கள். சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது என்பது கூட்ட மேலாண்மையில் பழகிய அளவு. அதற்கு மேல் போனால் நம் காலில் நாம் நிற்பதில்லை, கூட்டம் நம்மைத் தூக்கிப் போகும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு இந்த எண்ணிக்கை எளிது, முகமே தேவையில்லை. 2022இல் தென்கொரியாவின் சியோல் நகரில், இட்டேவான் பகுதியில் நடந்த கூட்ட நெரிசலில் 159 பேர் இறந்த பிறகு, அந்த நகரம் நெரிசலை அளக்கும் கேமராக்களை வைத்துப் போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் எச்சரிக்கை போகும்படி செய்தது.

ஆனால் இட்டேவானில் அன்று எச்சரிக்கையே இல்லாமல் இருக்கவில்லை. மாலை 6:34க்கே ஒருவர் அவசர எண்ணுக்கு அழைத்து 'இங்கே நசுங்கிச் சாவார்கள்' என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அசம்பாவிதம் நடந்தது இரவு 10:15 வாக்கில். அதற்குள் 11 அழைப்புகள். 2025 ஜனவரி 29 அதிகாலை மகா கும்பமேளாவிலும் கூட்டத்தை அளக்கும் ஏஐ கேமராக்கள் இருந்தன. அரசு அறிவித்த கணக்கில் 30 பேர் இறந்தார்கள். எண்ணிக்கையைத் திரையில் பார்த்தவர் கேட்டை மூடச் சொல்ல அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும், அவர் சொன்னால் மூட ஆள் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_எஸ்ஐ | புதன், காலை 6:30

தம்பி, ராத்திரி முழுக்க யோசித்தேன். அந்த 40 பேர் கணக்கு உறுத்துகிறது. சர்வீஸில் ஆள் மாறிப் பிடித்து வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அரை நாளில் விட்டுவிட்டோம், ஆனால் அவன் அந்த ஊரிலேயே இல்லாமல் போய்விட்டான். நேரலையில் முகம் தேடுவதை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் பதிவில் தேடும் வசதியை விட்டுவிடாதீர்கள். யார், எப்போது, எந்தப் புகாருக்காகத் தேடினார் என்று மெஷினே எழுதி வைக்க வேண்டும், அதை யாரும் அழிக்க முடியக் கூடாது. எங்கள் ஆட்களுக்கும் அது பாதுகாப்புதான்.

வழக்குரை | புதன், காலை 9:15

ஐயா சொன்னது மிக முக்கியம். கூடவே, பாஸ்வேர்டு. 2025 தொடக்கத்தில் குஜராத்தில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் கதவைத் திறந்தது. நொய்யல், மாட்டுகிற அன்றே மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

நொய்யல்_கரை | வியாழன், இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. நேற்று அதிகாலை 5 மணிக்கு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். 3ஆம் பிளாட்பாரத்தில் பஸ் கதவுக்கும் தூணுக்கும் இடையே 2.1 மீட்டர்தான் இருக்கிறது. அங்கேதான் ஆட்கள் ஓடுகிறார்கள். பழைய கேமராக்கள் ஆறில் நான்கில் சிலந்தி வலை. மேற்குப் பக்கத்தில் மலர் சொன்ன இரண்டு ட்யூப்லைட்டோடு மூன்றாவதும் போய்விட்டது.

பொறியாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரலை முக அடையாளம், சுற்றித் திரிவது, சண்டை, கேட்பாரற்ற பொருள் ஆகியவற்றை எடுத்துவிடலாம். 1, 3ஆம் பிளாட்பாரங்களில் நேர் மேலிருந்து பார்க்கும் கேமரா வைத்து ஆள் எண்ணிக்கை. படிகளில் கீழே விழுந்தவருக்கான எச்சரிக்கையை முதலில் மூன்று மாதம் சோதனையாக ஓட்டி, எத்தனை சரி, எத்தனை பொய் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் பணம். புகார் எண் இல்லாமல் பதிவில் தேட முடியாது. விளக்குகள் முதல் தவணையிலேயே. இரவு ஷிஃப்டுக்கு டைம் கீப்பர் அறையில் ஒரு ஆள், அவர் கையில் மைக், பஸ்ஸை வாசலிலேயே நிறுத்தச் சொல்ல அவருக்கு எழுத்துப்பூர்வ அதிகாரம்.

பொறியாளர் பொறுமையாகப் படித்தார். கேமராக்கள் 48இலிருந்து 30 ஆகக் குறைவதில் அவருக்குச் சந்தோஷம். கடைசி வரியில்தான் பேனாவை வைத்துவிட்டார். 'ஆள் போடுவதற்கு நிதித் தலைப்பு வேறப்பா, இந்த நிதியில் பொருள் மட்டும்தான் வாங்க முடியும்' என்றார். நகராட்சி நிர்வாகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தத் தலைப்பில் கேட்டால் இரவு ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்கும்? திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது.

மலர்_ஆர் | வியாழன், இரவு 10:05

நான் அங்கே வேலை பார்த்ததில்லை, ஆனால் என் பெரியப்பா ஒரு நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கேட்டு எழுதுகிறேன் அண்ணா.